‘இவண்’ என்ற சொல்லுக்குக் கீழே

1

இந்தக் கதை எனக்கு ஒரு சுவரிலிருந்து கிடைத்தது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் டாக்டர் வாசலில் வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தேன். எதிர்ச்சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி. படம், பிறப்பு, இறப்பு, நாலு வரிப் பாட்டு. அடியில் ‘இவண்’ என்று போட்டு மகன், மருமகள், பேத்திகள், பங்காளிகள். மனைவி பெயர் மட்டும் இல்லை.

மனைவி முன்பே காலமாகியிருக்கலாம். எளிய விளக்கம் அதுதான். ஆனால் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்புவதற்குள் அந்த விளக்கம் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அந்த அம்மாள் உயிரோடுதான் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டேன். பாட்டு வரிகள் மெட்டுக்கு எழுதியதுபோல் தாளம் தப்பாமல் இருந்தன. ஆகவே எழுதியவரை ஓய்ந்துபோன ஒரு சினிமாப் பாடலாசிரியர் ஆக்கினேன். மற்றதெல்லாம் என் கற்பனை. யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

2

ஆரம்பங்கள்:

‘ஒரு காலத்தில் புகழ்பெற்ற பாடலாசிரியர் மாசாணம்—’ பொய். புகழ் அவரைப் பெறவில்லை, அவரும் அதைப் பெறவில்லை.

‘மாசாணம், வயது அறுபத்தெட்டு, மனைவி நஞ்சம்மாள்—’ இது ரேஷன் கார்டு.

‘மாசாணத்துக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.’ இது இருக்கட்டும்.

கோயம்புத்தூரிலேயே படம் பிடித்த காலத்தில் எழுத ஆரம்பித்தவர். பிறகு மெட்ராஸ். ஊரெல்லாம் பாடிய ஒரே பாட்டின் இசைத்தட்டில் வேறொருவர் பெயர் அச்சாகியிருந்தது. ‘என் பேரைப் போடுங்கள்’ என்று கம்பெனிப் படிகளில் ஏறி இறங்கியே நடுவயது கழிந்தது. பெயர் வரவில்லை, இவர் ஊருக்கு வந்துவிட்டார்.

இப்போது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறார். காலையில் உட்கார்ந்து பேப்பர் படித்த காப்பிக் கடை பட்டுச்சேலைக் கடையாகிவிட்டது. பக்கத்து வீட்டை இடித்து காம்ப்ளெக்ஸுக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள். உட்கார இடமில்லாதவர் நடக்கத்தானே வேண்டும்? நகைக்கடைத் திறப்புக்கு, காதுகுத்துக்கு, புது வீட்டுக்கு என்று யாராவது வாழ்த்துப்பா கேட்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி நடப்பார். வீட்டுக்கு வந்தாலும் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடை.

“ஏனுங்க, செத்த நேரம் ஒரு பக்கம் உக்காருங்களே. பாக்கற எனக்குக் காலு நோவுது” என்பார் நஞ்சம்மாள்.

3

வீட்டுக்காரர் தம்பிதுரை தூக்கத்திலேயே இறந்துபோனார். கீழ்வீட்டில்தான் குடியிருந்தார். மோட்டார் பம்புக் கடை வைத்திருந்தவர்.

[இவரோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. குடிக்க வைத்துப் பார்த்தேன். மனைவியை அடிக்க வைத்துப் பார்த்தேன். எதுவும் அவர்மேல் ஒட்டவில்லை. வாடகையை உயர்த்தாதவர், கோயிலுக்கு மின்விசிறி வாங்கிப் போட்டவர், எதிரே வருகிறவரைப் பார்த்து முதலில் கும்பிடுகிறவர். ‘தம்பிதுரை நல்லவர்தான், ஆனால்—’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். அது இன்னும் அப்படியே நிற்கிறது.]

மறுநாள் காலை மகன் தனபால் மாடியேறி வந்தான். தூங்காத கண்கள்.

“கவிஞரய்யா, அப்பாவுக்கு நாலு வரி எழுதிக் குடுத்துப்போடுங்க. ரோட்டுல போறவன் நின்னு படிக்கோணும்.”

“கட்டாயம் எழுதறனுங்க தம்பி.”

“அப்பறம்… இந்த ஊட்ட இடிச்சுக் கட்டறதப் பத்தியெல்லாம் மெதுவாப் பேசிக்கலாமுங்க. நீங்க அத நெனைச்சுக் கவலைப்படாதீங்க.”

அதுவரை மாசாணம் அதை நினைக்கவே இல்லை. அதற்குப் பிறகு வேறெதையும் நினைக்க முடியவில்லை.

நஞ்சம்மாள் வைத்த காப்பி ஆறுவதற்குள் நாலு வரியும் வந்துவிட்டது. (அவற்றை இங்கே தரப்போவதில்லை. சுவர்களில் நீங்கள் படித்தவைதான்.)

4

எழுதியதைக் கொடுக்கக் கீழே இறங்கினார். கொல்லைப்புறத் துவைகல்லருகே தம்பிதுரையின் மனைவி தெய்வாத்தாள் துணி அலசிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் மாசாணத்தோடு அவர் நின்று பேசியதில்லை. இன்று கூப்பிட்டார்.

“ஏனுங்ணா, செவுத்துல ஒட்டறதுக்கு நீங்கதான் எழுதறீங்களாமா?”

“ஆமாங்க அம்மிணி.”

“அதுல என்ற பேரு வருதுங்களா?”

“மொதப் பேரே உங்குளுதுதானுங்க. மனைவின்னு போட்டு—”

“வேண்டாமுங்க.”

மாசாணத்துக்குத் தன் காதில்தான் கோளாறோ என்று தோன்றியது. பெயரைப் போடச் சொல்லிக் கெஞ்சிய ஆள் அவர். போடாதே என்று ஒருவர் கேட்பதை இப்போதுதான் கேட்கிறார்.

“மேல கண்ணீருன்னு போடுவாங்கல்லங்ணா? நான் அழுவுலீங்க. ஒரு சொட்டு வருலீங்க. அதுக்குக் கீழ என்ற பேரப் போட்டாப் பொய்யாயிருமுங்க.”

“ஊரு வழக்கமுங்க அம்மிணி. எல்லாருக்கும் போடறதுதான்.”

தெய்வாத்தாள் கையிலிருந்த வேட்டியைத் தண்ணீர் நிற்கும்வரை முறுக்கிப் பிழிந்தார்.

“கண்ணாலமாயி வந்த நாள்லிருந்து என்னையப் பேரு சொல்லி அவரு கூப்பிட்டதில்லீங்க. சோறு வேணும்னா வட்டலத் தட்டுவாரு. தனபாலு பொறந்தப்பறம் அவங்கிட்டச் சொல்லி உடுவாரு. அவரு வாயில ஒரு நாளும் வராத பேரு, அவரு படத்துக்குக் கீழ மட்டும் எதுக்குங்ணா?”

“அடிச்சுக்கிடிச்சு…”

“இல்லீங்க. அடிக்கறதுன்னாலும் ஒருக்கா என்னையப் பாக்கோணுமில்லீங்க?”

5

மாசாணம் காகிதத்தைக் கொடுக்காமலே மாடியேறினார். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடியே நஞ்சம்மாளிடம் சொன்னார்.

(முதல் பிரதியில் நஞ்சம்மாளைப் பயந்த சுபாவம் உள்ளவராக எழுதியிருந்தேன். ‘நமக்கெதுக்குங்க ஊர் வம்பு’ என்று சொல்ல வைத்தேன். அந்த வசனம் அவர் வாயில் நிற்கவே இல்லை.)

“அந்தம்மா பேர எடுத்துப்போடுங்க” என்றார் நஞ்சம்மாள்.

“ஊடு?”

“வேற ஊடு பாக்கறது. நீங்க எத்தன பொய்யெழுதியிருப்பீங்க? ஒண்ணு கொறஞ்சா என்ன?”

பெயர்களைத் தனபால் முன்பே அச்சகத்துக்குச் சொல்லியனுப்பியிருந்தான். பாட்டைச் சேர்த்து, பிழை பார்த்துக் கொடுப்பதுதான் மாசாணத்தின் வேலை. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். இடமிருந்தும் உட்காரவில்லை. பெரிய கடைவீதிக்குப் பின்சந்தில் அனீஸின் அச்சகம். வாழ்த்துப்பா அடிக்கப் போய்ப்போய்ப் பழகியவர்.

“வாங்க கவிஞரே” என்று அனீஸ் அச்சுப்பிரதியை நீட்டினார். ‘இவண்’ என்ற சொல்லுக்குக் கீழே முதல் வரி: மனைவி தெய்வாத்தாள்.

மாசாணம் பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்தார்.

“என்னங்க இது? சம்சாரம் பேரு இல்லாம அடிச்சா, அச்சகத்துக்காரன் உட்டுட்டான்னு ஊரே திட்டுமுங்க.”

“அந்தம்மாவே வேண்டாம்னுட்டாங்க.”

“தனபாலுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியாது. கேட்டா என்ற பேரச் சொல்லுங்க. மாசாணந்தான் அடிச்சான்னு சொல்லிப்போடுங்க.”

அனீஸ் அந்தத் தாளை உள்ளே கொடுத்தனுப்பினார்.

[இந்த இடத்தில் மாசாணத்துக்கு நிம்மதி வந்தது என்று எழுத ஆசைப்பட்டேன். வரவில்லை. திரும்பும்போது இரண்டு நிறுத்தம் முன்பாகவே இறங்கி நடந்தார். அச்சகத்துக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு மருந்துக்கடை வாசலில் வெகுநேரம் நின்றார். போகவில்லை. துணிச்சலாலா, கால் வலியாலா என்று எனக்கே தெரியாது.]

6

சுவரொட்டி ஒட்டிய அன்றே தனபால் கீழ்வீட்டு முற்றத்தில் நின்று கத்தினான். சொந்தக்காரர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள்.

“எங்கம்மா என்ன செத்தா போயிட்டாங்க? ஆரக் கேட்டு அடிச்சீங்க?”

படியிறங்கிவந்த மாசாணம் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து தெய்வாத்தாள் வந்து நிலைப்படியில் நின்றார்.

“நாந்தான் வேண்டாம்னு சொன்னேன் கண்ணு.”

“ஏம்மா?”

தெய்வாத்தாள் மகனைப் பார்த்து—

இதற்குப் பிறகு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அவர் அழுவதாக. படித்த நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதையே இதுதான் என்றார். மறுநாள் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அழவில்லை என்று அந்த அம்மாள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் நான் யார், அவர் கண்ணில் தண்ணீர் வைக்க?

அவர் சொன்னது இவ்வளவுதான்: “உங்கப்பனுக்கு என்ற பேரே தெரியாது கண்ணு.”

தனபாலின் முகம் சின்னப் பையனுடையதுபோல் ஆகிவிட்டது. அப்பா சொல்லிவிட, ‘அம்மா, சோறாமா’ என்று ஓடியவன் அவன்தானே. அம்மாவிடம் கோபப்பட முடியவில்லை, அப்பாவிடம் இனி முடியாது. மாசாணத்தைத் திரும்பிப் பார்த்தான்.

“மாசக் கடைசிக்குள்ள மாடியக் காலி பண்ணிக்குங்க.”

‘ஐயா’ என்பதை விட்டுவிட்டான்.

7

போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டி ஒரு சிறிய வீடு கிடைத்தது. சாமான் ஏற்ற ஒரு டெம்போ வந்தது. நஞ்சம்மாள் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மாசாணம் பின்னால், அண்டாவுக்கும் பீரோவுக்கும் நடுவில். வாசல் பக்கம் தனபால் ஓர் என்ஜினீயரோடு வீட்டை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தான்.

வண்டி உறுமத் தொடங்கியபோது தெய்வாத்தாள் கொல்லைப்புறச் சந்து வழியாக வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதன் வாயைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

பையில் பருப்புப்பொடியும் ஒரு பாட்டில் நெய்யும் இருப்பதாக ஒரு முடிவு எழுதினேன். கொடுத்துவிட்டு, “போயிட்டு வாங்ணா” என்று திரும்பி நடக்கிறார். இரண்டு சேலையும் ஒரு துண்டும் இருப்பதாக இன்னொன்று. இரண்டும் நடக்கக்கூடியவை. என்ன செய்வது? அவர் வாயைச் சுருட்டிப் பிடித்திருக்கிற பையை நான் திறந்து பார்ப்பது முறையல்ல. பார்க்கத்தான் வேண்டும் என்றால் நீங்கள் கேட்டுப் பாருங்கள். உங்களிடம் சொன்னாலும் சொல்வார்.

மாசாணம் கேட்கவில்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “தெய்வாத்தா” என்று மட்டும் கூப்பிட்டார்.

தெய்வாத்தாள் நின்று நிமிர்ந்து பார்த்தார். முன்னால் நஞ்சம்மாள் கதவைத் திறந்துவிட்டு, டிரைவர் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தார்.