மெழுகில் அடைத்த ஹாரன்

"கொசு கத்துற மாதிரி இருக்கு. இதையா ஹாரன்னு சொல்ற?"

"மொதத் தடவ பண்றேண்ணே. கொசுவாச்சும் வந்துச்சேன்னு நான் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

சதீஷ் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. கவிப்ரியாவுக்கு அதுவே போதுமாயிருந்தது.

சுவாமிமலையில் அவர்கள் வீட்டுக்குக் கொல்லைப்புறமாகத்தான் ரயில் போகிறது. இரண்டு மாதமாக, நிஜ ஹாரன் கேட்டால் சதீஷ் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொள்வான். அவனே ரயில் ஓட்டுநர். அவன் ஓட்டி வந்த வண்டிதான், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், வாய்க்கால் பாலத்தருகே தண்டவாளத்தைக் கடந்த வீரையன்மேல் மோதியது. பயிருக்கு மருந்தடிக்கப் போன மனிதர். தெரு முழுக்கத் தெரிந்தவர். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

திங்கட்கிழமை சதீஷ் வேலைக்குத் திரும்ப வேண்டும். இன்று சனி.

சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளச் சொல்லியிருந்தார் மருத்துவர். அப்போதுதான் அவளுக்கு அலமாரியில் இருந்த பொம்மை எஞ்சின் ஞாபகம் வந்தது. சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா மகன் இளஞ்செழியன் அனுப்பியது. ஒரு சாண் நீளம், நிஜ டீசல் எஞ்சினின் அதே முகம். ஓடும், ஆனால் ஊமை. அவள் டீகோடர் ஒன்றை வரவழைத்தாள். மோட்டாரையும் சத்தத்தையும் சேர்த்து இயக்குகிற நகமளவுத் தகடு அது. நான்கு நாள் வீடியோ பார்த்து, ஒரு ஒயரை இரண்டு முறை தப்பாகப் பற்றவைத்து, எப்படியோ பொருத்திவிட்டாள்.

கொசுச் சத்தத்துக்குக் காரணமும் வீடியோவிலேயே கிடைத்தது. ஸ்பீக்கருக்குப் பின்னால் மூடிய சின்னப் பெட்டி வேண்டும். காற்றுப் புக ஓர் இடுக்கு இருந்தாலும் சத்தம் செத்துவிடும். பிளாஸ்டிக் அட்டையை வெட்டிப் பெட்டி செய்தாள். இடுக்கை அடைக்க அவள் கை தானாக மெழுகுக்குப் போனது. சிங்காரவேலு பட்டறையில் சாமி சிலைகளை உலோகத்தில் வார்க்கும் முன் மெழுகில் கரு பிடிப்பது அவள் வேலை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த உருண்டை எப்போதும் பையில் இருக்கும். விளிம்பெல்லாம் பூசி, டீகோடரையும் பெட்டியின்மேல் அதே மெழுகால் ஒட்டினாள்.

இந்த முறை ஹாரன் அடித்ததும் ஜன்னலில் இருந்த காக்கை பறந்தது.

சதீஷின் தோள் இறுகியது. பிறகு மெல்ல இறங்கியது. கையை நீட்டி, "கன்ட்ரோலரக் குடு" என்றான்.

எஞ்சின் கூடத்துத் தரையில் விரித்த பொம்மைத் தண்டவாளத்தில் வட்டமடித்தது. "லெவல் கிராசிங்குக்கு நீளமா அடிக்கணும். இப்படி." அடித்தான். மறுபடியும் அடித்தான். "ஏன்டி, டிரைவருக்கு டீ கீ கெடையாதா?"

அவள் ஓடினாள். அடுப்படியில் நின்று ஒவ்வொரு ஹாரனையும் எண்ணினாள். திங்கட்கிழமை காலை அவன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்குவது, வெளியே மழை பெய்திருப்பது, எல்லாம் அவள் கண்ணுக்குள் தெரிந்தது. பால் பொங்குகையில் ஹாரன் கம்மியது, வாயில் துணி வைத்தாற்போல. அப்புறம் அதுவும் இல்லை.

கூடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தமில்லாமல். சதீஷ் பொத்தானை அமுக்கினான், விட்டான், அமுக்கினான். முகமெல்லாம் வியர்வை.

"நிறுத்துண்ணே!" அவள் கன்ட்ரோலரின் பிளக்கைப் பிடுங்கினாள். மூடியைக் கழற்றினால் உள்ளே பழுப்பாக ஒழுகியிருந்தது. "மெழுகுண்ணே. டீகோடர் சூட்டுல உருகி ஸ்பீக்கர் மேலயே வழிஞ்சிருக்கு. தெனம் அடுப்புல மெழுக உருக்குறவ நான், எனக்கு இது தோணல பாரு. தொடச்சிட்டா சரியாயிடும். நாளைக்கே..."

அவன் எஞ்சினைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் இன்னும் பொத்தானில் இருந்தது.

"அன்னைக்கு நான் அமுக்குனேனா கவி?"

"ஹாரன் அடிச்சேன்னுதானே விசாரணையில எழுதிக் குடுத்த?"

"எழுதிக் குடுத்தேன். எஞ்சின்ல என்கூட இருந்த பஞ்சநதம் சாரும் அதையேதான் எழுதுனாரு. பிரேக் போட்டது கையில இருக்கு. வீரையண்ணன் திரும்பிப் பாத்தது கண்ணுல இருக்கு. ஹாரன் மட்டும் எங்கயுமே இல்ல."

அவள் விபத்து நடந்த அந்தக் காலைக்கு நினைவில் திரும்பிப் போகப் பார்த்தாள். காய்ச்சலில் படுத்திருந்தாள். பிரேக்கின் கிறீச்சிடல், யாரோ ஓடியது, வாய்க்கால் பக்கம் அலறல். அதற்கு முன்னால்? ஒரு நாளைக்கு எத்தனையோ ரயில் போகிற வீடு. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தத்தை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

அடுப்படியில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்தது. இருவரும் அசையவில்லை.

"நீ வீட்லதான இருந்த," என்றான் சதீஷ். "என் மனசுக்காகச் சொல்லாத. கேட்டத மட்டும் சொல்லு பாப்பா. பிரேக்குக்கு முன்னாடி ஹாரன் கேட்டுச்சா?"