ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

பிரின்சிக்குப் பத்து வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டாள், எதிலும் கவனம் நிற்காது. கள்ளக்குறிச்சி டாக்டர் போன வருஷம் மாத்திரை எழுதிக் கொடுத்து, பள்ளிக்கூட நாளில் கட்டாயம், ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்கள் விருப்பம் என்றார். அந்த விருப்பத்தை அப்பா சவரிமுத்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வாரம் பூரா ஸ்கூலுக்காக முழுங்குறா. ஒரு நாளாவது என் புள்ள என் புள்ளையா இருக்கட்டும்" என்று மனைவி மார்கரெட்டின் வாயை அடைத்தார். ஞாயிறுதோறும் கரும்புக் கொல்லையில் மகள் ஓயாமல் பேசிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால்தான் அவருக்கு மனசு நிறையும்.

இந்த ஞாயிறு மாதா கோயிலுக்குக் கிளம்பும்போது பிரின்சி மாத்திரை அட்டையோடு வந்து நின்றாள்.

"இன்னிக்கும் ஒண்ணு குடுப்பா."

"இன்னாத்துக்கும்மா? இன்னிக்கு லீவுதானே."

"கோயில்ல பாட்டுப் பாடுறப்ப பாதியில ஓடிடுறேன்னு ஒருத்தரும் என் பக்கத்துல நிக்க மாட்டேங்கறாங்க. நான் மாத்திர போடாம இருக்கறது உனக்குத்தாம்பா புடிக்குது. எனக்கில்ல."

சவரிமுத்து அட்டையை வாங்கி, எந்தப் பக்கம் பிரிப்பதென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் கையால் கொடுத்ததில்லை.