இரண்டு ஈஸ்டர்

நெவியானாவின் மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு பலகை. நாடாளுமன்றத்தின் வசந்தகாலக் கூட்டத்தொடர் முழுவதும் அதில் காகிதத் துண்டுகளாகக் குத்தப்பட்டிருந்தது. மஞ்சள் என்றால் மசோதா, வெள்ளை மந்திரிகளிடம் கேள்வி கேட்கும் நாள், நீலம் விடுமுறை. பல்கேரியத் தலைநகர் சோபியாவில் இருநூற்று நாற்பது உறுப்பினர்களும் எப்போது சபைக்கு வர வேண்டும், எப்போது ஊருக்குப் போகலாம் என்று பத்தொன்பது வருடமாக முதல் வரைவு போடுகிறவள் அவள்தான். கையெழுத்து சபாநாயகருடையது. பெயரும் அவருக்குத்தான், போகட்டும்.

போன் வந்தபோது கையில் ஒரு நீலத் துண்டு இருந்தது.

"அம்மா, டிக்கெட் போட்டாச்சு! ஈஸ்டர் லீவுக்கு வர்றோம். செவ்வாய் சாயங்காலம் வந்து வெள்ளிக்கிழமை காலைல கிளம்பறோம்."

மகள் ரலிட்சா பிரான்ஸுக்குப் போய் எட்டு வருடம். பேரன் எலியாவை நேரில் பார்த்தே மூன்று வருடம் ஆகிறது. நெவியானா பூரித்துப்போய்த் தேதியைக் கேட்டாள்.

"அடிப்பாவி, அது அங்க கத்தோலிக்கருங்க ஈஸ்டருடி. நம்ம ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் அஞ்சு வாரம் கழிச்சுல்ல வருது?"

"ஐயோ, மறந்தே போச்சும்மா."

எட்டு வருடத்தில் இதுவுமா மறக்கும்? நெவியானா பலகையைப் பார்த்தாள். "அந்த வியாழக்கிழமை ஒரு மசோதாவுக்கு ரெண்டாவது வாசிப்பு, அதான் கடைசிக் கட்டம். பிரிவு பிரிவா ஓட்டெடுப்பு. நாலு நாளும் என்னால அசைய முடியாதுடி."

"எலியாவுக்கு ஸ்கூல் லீவு அப்பத்தான். ஊருக்கே லீவு போட்டுக் குடுக்கறவ நீ, உனக்குன்னு ஒரு மசோதாவத் தள்ளி வெக்க முடியாதா?"

முடியும். அதுதான் கொடுமை. போனை வைத்துவிட்டு அந்த மஞ்சள் துண்டைப் பிடுங்கி எடுத்தாள். அடுத்தடுத்த வாரங்களில் ஊசி குத்த இடமில்லை. தங்கள் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் மட்டும் காலியாக இருந்தது. அங்கே குத்தினாள்.

பக்கத்து அறை ரங்கெல் காப்பிக் கோப்பையோடு வந்து பலகையைப் பார்த்துச் சிரித்தான். "பெரிய வியாழனா? அக்கா, அன்னிக்கு எல்லாரும் வீட்டுல ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போட்டுக்கிட்டு இருப்பாங்க. சபையில தூணுதான் ஓட்டுப் போடும்."

மேஜையில் இருந்த பேரனின் படத்தை அவன் பார்த்தான்.

"இல்ல, உங்களுக்கு வேணும்னா அப்படியே இருக்கட்டும். எவனும் கேக்க மாட்டான்."

எவனும் கேட்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியாதா? நூற்று இருபத்தொரு பேர் தேறாமல் சபை கலையும், விடுமுறை வரும், பிறகு பட்ஜெட், பிறகு ஆகஸ்ட். மசோதா அடுத்த வருடத்துக்குப் போய்விடும். ஏற்கனவே இரண்டு முறை அப்படித்தான் போனது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரும் மசோதா அது. அவள் புருஷன் ஸ்பாஸ் கிடந்த கடைசி வருடத்தில் அப்படியொரு விடுப்பு இல்லை. தண்ணீர்க் குவளையைக் கைக்கெட்டும்படி வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிடுவாள். ஒரு புதன்கிழமை திரும்பிப் போனபோது குவளை அப்படியே இருந்தது, அவர் இல்லை. அன்று காலை முழுக்க அவள் இதே பலகைக்கு முன்னால்தான் நின்றிருந்தாள்.

ரங்கெல் போனதும் துண்டைப் பழைய இடத்திலேயே குத்தினாள்.

"நீ இல்லாத வீட்டுல நாங்க என்னம்மா பண்றது?" என்றாள் ரலிட்சா, அன்று ராத்திரி போனில் விஷயத்தைக் கேட்டதும். கோபம்கூட இல்லை, அதுதான் வலித்தது. "ஆகஸ்ட்ல பாப்போம்."

அந்த வியாழக்கிழமை மசோதா நூற்று அறுபத்து மூன்று ஓட்டில் நிறைவேறியது. மேடைக்குக் கீழே தன் சிறிய மேஜையில் உட்கார்ந்து அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டே வெளியேறினார்கள்.

ஐந்து வாரம் கழித்து அவளுடைய ஈஸ்டர் வந்தது. பெரிய வியாழனன்று பழக்கதோஷத்தில் ஆறு முட்டையை அவித்துச் சிவப்புச் சாயம் போட்டு வைத்திருந்தாள். ஞாயிறு காலை மாடியிலும் கீழ்வீட்டிலும் ஆட்கள் முட்டையோடு முட்டையை மோதி உடைக்கிற சத்தமும் கூச்சலும் கேட்டது. உடையாத முட்டைக்காரருக்கு அந்த வருடம் முழுக்க நல்ல சுகம் என்பார்கள்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்து கைக்கொரு முட்டையை எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்து, மோதினாள். இடது கையில் இருந்தது உடைந்தது. அதை உரித்து உப்பைத் தொட்டுச் சாப்பிட்டாள். உடையாததை எதிர் நாற்காலியின் முன்னால் ஒரு தட்டில் வைத்தாள். உருண்டுவிடாமல் இருக்க, சட்டைப்பையில் கிடந்த, விடுமுறைக்கான நீலத் துண்டு ஒன்றை மடித்து அதற்கு அண்டை கொடுத்தாள்.