கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பல்

பாதி கட்டிய தருப்பை உருவத்தைத் தன் அண்ணன் சுப்புராயன் கையிலிருந்து பிடுங்கி எருக்குழியில் எறிந்தாள் ஆதிலட்சுமி.

"எம் புள்ள சாவலண்ணே. எந்தத் துறையிலயாவது எறங்கியிருப்பான். புல்லுக்குக் கொள்ளி வெக்கப் பாக்குறீங்களே, நல்லாருப்பீங்களா?"

சைகோனில் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சிப்பாயாக இருந்த அவள் மகன் பக்கிரி, ஊர் திரும்பும் வழியில் காய்ச்சல் கண்டு கப்பலிலேயே இறந்துபோனான். உடலைக் கடலில் விட்டுவிட்டார்கள்; எரிக்க உடல் இல்லாததால்தான் தருப்பை உருவம். கொம்யூன் ஆபீஸ் ஆள் வந்து சொல்லிப்போனதிலிருந்து அவன் அப்பா செல்லக்கண்ணுவுக்கு ஓய்வே இல்லை. மகனுக்கென்று மனைவி தினமும் எடுத்துவைக்கும் சோற்றை மறுநாள் மாட்டுக்கு வைப்பது அவர் வேலையாகிவிட்டது. அவர் கண் கலங்கினாலே சண்டைக்கு வந்தாள். காரியம் செய்யாமல் பிள்ளை அந்தரத்தில் அலைகிறானே என்று அவர் தவித்தார்.

மனைவியை ஏற்றிக்கொண்டு ஒதியம்பட்டிலிருந்து வண்டி கட்டினார். புதுச்சேரி ஆற்றங்கரையில் கப்பல் சாமான்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் கூடத்தில், பக்கிரி வந்த கப்பலையே சிறியதாகச் செய்து வைத்திருப்பதாகச் சுப்புராயன் சொல்லியிருந்தார். பார்த்தால் தெளிவாளா என்று செல்லக்கண்ணுவுக்குத் தெரியாது. வேறு வழியும் தெரியவில்லை. வழியெல்லாம் கண் அசந்துகொண்டே வந்தார். மாடுகள் தாமாக நடந்தன.

கூடத்தில் இருந்த நங்கூரத்தையும் சுக்கானையும் அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பல் ஒரு தொட்டில் நீளம்தான் இருந்தது. அதையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"எங்க படுத்திருப்பான்?"

காவல்காரர் காஜா மொய்தீன் அந்தக் கப்பலில் ஒருமுறை போய்வந்தவர். "சிப்பாயிங்களுக்குக் கீழ்த்தட்டும்மா. தோ, இந்தச் சின்ன ஜன்னலுக்குப் பின்னால."

குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"இத்தினி எடம் இருக்குதே. ஊர் வர்ற வரைக்கும் ஒரு மூலையில கெடத்தி வெக்கக்கூடாதா?"

"உள்ள சூடு தாங்காதும்மா. கரை வர நாளாவும்."

கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"எந்தப் பக்கமாப் போட்டாங்க?"

காவல்காரர் செல்லக்கண்ணுவைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று இவர் தலையசைத்தார். அவர் கப்பலின் பின்பக்கக் கம்பியைக் காட்டினார்.

ஆதிலட்சுமி அங்கேயே தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"இங்க உக்காரக்கூடாதும்மா. தொரை வர்ற நேரம்."

அவள் ஒப்பாரிக்குக் கொண்டையை அவிழ்த்தாள். செல்லக்கண்ணு போய்க் கதவைச் சாத்தினார்.