எடைக்கு வாங்கிய சாமான்கள்

அந்தப் பெண் சிலையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதன் நெஞ்சில் பற்றவைத்திருந்த சாப்பாட்டு டப்பா மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிற்பி பக்கத்தில் வந்ததும், "இது எங்க வீட்டுக்காரரோடது" என்றாள்.

போர் முடிந்து இரண்டாவது வருஷம். வெண்கலம் வாங்க வழியில்லாமல், பழைய இரும்புக்கடையில் சாவி, கரண்டி, பெல்ட் கொக்கி என்று மூட்டை மூட்டையாக எடைக்கு வாங்கி, ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு மனிதனை அவர் நிறுத்தியிருந்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் ஆகா ஓகோ என்றார்கள். அவருக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"இதே மாதிரி எத்தனையோ மூடி இருக்கும்மா."

"இருக்கும் சார். அந்தப் பூவை ஆணியால கீறினது நான். ஃபேக்டரியில டப்பா மாறிப்போகுதுன்னு சொன்னாரு. சண்டை சமயத்துல லாரியில வந்து, விசாரிக்கணும்னு கூட்டிட்டுப் போன அன்னைக்கும் இது அவர் கையிலதான் இருந்துச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

சிற்பி அந்த மூடியை மறுபடி பார்த்தார். பூ அழகாக இருக்கிறதென்றுதான் அதை நெஞ்சில் வைத்திருந்தார். கேட்டுச் சொல்கிறேன் என்று அவளிடம் தெருப்பெயரைக் கேட்டுக்கொண்டு இரும்புக்கடைக்குக் கிளம்பினார். வழியெல்லாம் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. எந்த மூட்டையைக் கழுவினாலும், ஒரே குழியிலிருந்து தோண்டியதுபோல ஒரே நிறக் களிமண். கொக்கிகளில் பாதிக்கு மேல் மாட்டியபடியே இருந்தன. கழற்றிப் போட்ட பெல்ட்டை யார் மறுபடி மாட்டி வைப்பார்கள்?

கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றது.

"இத்தனை நாளா ஒரு வார்த்தை கேக்கலையே தம்பி?"

"இப்பக் கேக்கறேன்."

கடைக்காரர் எழுந்துபோய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். "பாவம், யாரு அந்த அம்மா? வீடு எங்கேன்னு சொன்னாங்களா?" குரலில் அப்படியொரு பரிவு.

தெருப்பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "சொல்லலை" என்றார் சிற்பி.

"பரவாயில்லை. சிலையைப் பார்க்கத் திரும்ப வருவாங்க."

ஓட்டமும் நடையுமாக அவர் கண்காட்சிக்குத் திரும்பியபோது அவள் அங்கேயேதான் இருந்தாள். தனியாக இல்லை. அவள் சொல்லிக் கேள்விப்பட்டு ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொரு சாவியாக, ஒவ்வொரு கரண்டியாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. சிற்பி ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

அந்தச் சத்தத்துக்குப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி, அவரைப் பார்த்தார்கள்.