லொறிக்குள் போன வீடு

எஞ்சின் இறக்கி ஏற்றிய பிறகு, ஸெய்னுதீனின் லொறிக்கு வெறுமையாக நிற்கும்போதும் ஒரு வீட்டின் எடை இருந்தது. 1974 பங்குனியில், திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே லொறிகளை நிறுக்கும் பெரிய தராசில் இது தெரியவந்தது. தராசுக்காரர் மூன்று முறை நிறுத்தார். பின்பலகையை இறக்கிப் பார்த்தார். கொஞ்சம் வைக்கோலும் ஒரு செத்த தும்பியும் கிடந்தன. அவர் உள்ள எடையை உள்ளபடி எழுதி, கீழே ‘சுமை கண்ணுக்குத் தெரியவில்லை’ என்று குறித்துக் கையொப்பமிட்டார். கிண்ணியாவில் அந்தத் தாளைப் பார்த்த எவரும் என்ன சுமை என்று கேட்கவில்லை. அது லைலாவின் வீடு என்று எல்லோருக்கும் தெரியும்.

கிண்ணியாவில் வீடு பெண்ணுடையது. பெற்றவர்கள் மகளுக்கு வீடு கட்டுகிறார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து அதில் இருக்கிறான். மௌத்தாகும்வரை இருந்தாலும் அது மனைவியின் வீடுதான். ஸெய்னுதீனும் அப்படித்தான் சுபைதாவின் வீட்டுக்கு வந்தான். ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தை விட்டுப் போன மறுவருடம், ஏலத்தில் அந்த லொறியை எடுத்தான். ஒரே மகள் லைலா. அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது, சுபைதா பக்கத்து வளவில் ஒரு தடியால் வீட்டை மண்ணில் கீறினாள்: ஒரு மண்டபம், ஓர் அறை, சமைக்கக் கிழக்கே யன்னல் வைத்த ஒரு குசினி. தன் இரண்டு ஏக்கர் வயலின் நெல்லை விற்று விற்றுச் சாமான் சேர்த்தாள். செங்கல் வந்தது. குச்சவெளிக் காட்டிலிருந்து பாலை மரம் வந்தது. நிலையும் கதவும் செய்து, கூரை ஓடுகளை அடுக்கி, எல்லாவற்றையும் கிடுகால் மூடி வைத்தாள். அத்திவாரம் போட்டாயிற்று. 1973 ஆவணியில், கருவாடு ஏற்றி வந்த லொறி குச்சவெளி ரோட்டில் எஞ்சின் இறுகி நின்றது.

அப்போதே அதை இரும்புக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். பழைய உதிரிப்பாகம் வைத்திருந்தவர்கள் அதைக் காசுக்குக் கொடுக்கவில்லை. காசைக் கொண்டுபோய் வாங்குவதற்குக் கடையில் ஒன்றும் இருக்கவில்லை. அவர்களுக்குக் கல் வேண்டும், மரம் வேண்டும், சீமெந்து வேண்டும். ஸெய்னுதீன் குசினி வாசலில் நின்று கேட்டான்: “ஒரு வருசம். ஒரே ஒரு வருசத்துல ஒண்டுக்கு ரெண்டு ஊடு கட்டித் தாறன்.” சுபைதா ஓம் என்றாள். அந்த ஓமுக்காக அவள் தன்னையும் மன்னிக்கவில்லை, அவனையும் மன்னிக்கவில்லை. செங்கல் போய்க் கிராங் வந்தது. ஓடு போய்க் கியர்பெட்டி வந்தது. நிலையும் கதவும் போய்ப் பிஸ்டன்கள் வந்தன. பாலை மரம் நேராகவே லொறியின் தட்டுக்குப் போயிற்று. ஆறு மாதத்தில் வளவில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. ஆடுகள் அதில் ஏறி நின்றன.

எடை தெரிந்து ஒரு மாதத்துக்குள் சுவர்களும் தெரிந்தன, கண்ணுக்கல்ல, நெற்றிக்கு. மூட்டை ஏற்றுகிறவர்களின் தலைவன் அன்ஸார்தான் முதலில் மோதினான். ஒரு கிழமை நெற்றி வீங்கி இருந்தது. பிறகு அவனும் ஆட்களும் கையால் தடவித் தடவி வீட்டைப் பாடமாக்கினார்கள். வெறும் தட்டுத்தான் தெரியும். ஆனால் வாசல் எங்கே இருந்ததோ அதன் வழியாகத்தான் மூட்டை உள்ளே போகும். “குசினிக்குள்ள பன்ரெண்டு வை. அறைக்குள்ள பத்து. டேய், படிய மிதிக்காதே, குனிஞ்சு போ,” என்று அன்ஸார் கத்துவான். மாரியில் மழை கொட்டும்போது தட்டில் கிடந்த நெல் நனையாது. மழை ஆள் உயரத்துக்கு மேலே நின்று இரண்டு பக்கமும் வழிந்தது. இது வசதிதான். ஆனால் சுவர்கள் இடத்தைப் பிடித்தன, டயர்கள் தேய்ந்தன, டீசலை ஒரு வீடும் சேர்ந்து குடித்தது. வாகனங்களைக் கரை மாற்றும் மிதவையான பாதையில், அதை ஓட்டும் ஆதம்பாவா இந்த லொறியோடு வேறொரு சைக்கிளைக்கூட ஏற்றமாட்டார். “ஊட்டுக்காரர் கடைசியா வாங்க,” என்பார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். ஸெய்னுதீன் மட்டும் நம்பவில்லை. எஞ்சின் புதிது, கனம் இருக்கத்தான் செய்யும் என்றான். முன் ஆசனத்தை விட்டு அவன் பின்னால் ஏறியதே இல்லை.

சொன்ன ஒரு வருடம் முடிந்த அன்று சுபைதா அவனுடைய தலையணையைக் கொண்டுபோய் லொறியின் முன் ஆசனத்தில் போட்டாள். அன்றிலிருந்து அவன் மனைவியின் படலைக்கு வெளியே, ஸ்டியரிங்குக்குக் கீழே கால் மடக்கிப் படுத்தான். அவள் அவனோடு நேரே பேசுவதை நிறுத்தினாள். “லைலா, சோறு ஆறுது எண்டு வெளிய நிக்கிறவருக்குச் சொல்லு,” என்பாள், அவன் மூன்று முழத் தூரத்தில் நிற்க. லொறியைத் தொடமாட்டாள். அது நின்ற பக்கம் திரும்பமாட்டாள். அவள் கடந்து போனால், எஞ்சின் அணைந்திருந்தாலும் ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்தது. லைலா அதைத் திறந்துவிட்டு அழுக்குத் துணி அவிக்கப் பழகிக்கொண்டாள்.

ஒருமுறை மட்டும் சுபைதா பாதை ஏறி, பஸ் ஏறி, நகரத்தில் தவராசாவின் கராஜுக்குப் போனாள். எஞ்சினைச் செய்தவர் அவர்தான். கடற்படை வேலைத்தளத்தில் தொழில் படித்தவர். கையில் எண்ணெயோடு எழுந்து நின்றார்.

“வேலையில குறை இருந்தாச் சொல்லுங்கோ அக்கா.”

“குறை இல்ல. கூடிப்போச்சு. என்ட புள்ளட ஊட்ட வெளிய எடுங்க.”

தவராசா கையைத் துடைத்தார். மறுக்கவில்லை. “நீங்கள் வீட்டைத் தந்தனீங்கள். நான் ஒண்டையும் வெளியில விடாமப் பூட்டினனான். அது என்ர பழக்கம். இனிப் பிரிக்க ஏலாது. லொறி லொறியா நிக்குமட்டும் வீடும் நிக்கும். லொறியை உடைச்சால் வீடும் போச்சு.”

“ஒங்களுக்கு நாக்கு இருந்ததா இல்லையா? அண்டைக்கே சொல்ல இருந்ததே.”

“ஆர் அக்கா கேட்டது?” என்றார் அவர். அவள் திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே வந்தார்.

லைலாவுக்கு இருபத்தொரு வயதாயிற்று. தோப்பூரில் படிப்பிக்கும் ஜவாஹிருக்கு அவளைக் கலியாணம் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. அவனுடைய தாய் நஜ்முன் நிஸா வருடத்துக்கு இரண்டு முறை வந்து அத்திவாரத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். 1978 ஐப்பசியில் வந்தபோது தேநீர் குடிக்கவில்லை. ஆடுகளை ஒருமுறை எண்ணினாள். “ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாப்பம் சுபைதா. என்ட மகன் ஆட்டோடயா வந்து இருக்கிற?” என்றாள். லைலா அன்று அடித்துத் துவைத்ததில் துணிகள் கிழிந்தன.

அந்த வருடம் கப்பல்களில் புது லொறிகள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. நகரத்தில் அவற்றை விற்கும் ஒரு கொம்பனி, பழையதைக் கொடுத்துப் புதியதை எடுக்கலாம், மீதியை மாதாமாதம் கட்டலாம் என்றது. அதன் ஆளான சோமசேகரம் வெள்ளைக் காற்சட்டையும் பைலுமாகப் பாதை கடந்து வந்தார். ஸெய்னுதீன் லொறியைக் கழுவி, சக்கரங்களுக்குக் கறுப்பு மை பூசி வைத்திருந்தான். சோமசேகரம் எஞ்சினைக் கேட்டார், மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல் கீழே குனிந்து பார்த்தார், பிறகு தட்டில் ஏறித் தோளை இடித்துக்கொண்டார்.

“உள்ளுக்கு என்ன வைச்சிருக்கிறியள்?”

“ஒண்டுமில்ல.”

“இருந்தாலும் பரவாயில்லை. நாங்கள் பழசை ஓட்டுறேல்லை. உடைச்சு இரும்புக்கு அனுப்புறது.”

சுபைதா வேலிக்கு உள்ளே பெருநாளுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வந்தாள். “ஒடைக்கவா குடுக்கப்போறீங்க?” என்றாள்.

“நீ என்னோட கதைச்சிட்டா,” என்றான் ஸெய்னுதீன்.

“கதைக்கல்ல. கேக்கிறன்.”

“புதுசு வந்தா ஒரு நாளைக்கு ரெண்டு ஓட்டம் ஓடலாம். மூணு வருசத்துல ஊடு—”

“ஒரு வருசம் எண்டீங்க. அஞ்சு போச்சு. இப்ப மூணா? அவளுக்கு நரைச்ச பிறகு கட்டுவீங்களா, அல்லது மையத்துக்குப் பிறகா?”

படலையடியில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அன்ஸார் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நின்றான். ஸெய்னுதீன் அவர்களைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், நாலரை வருடச் சிரிப்பும் அவன் கழுத்தில் ஏறிச் சிவந்தது. “ஊடு, ஊடு, ஊடு! ஊரெல்லாம் இதே கதை. நான் இருவது வருசமா ஓட்டுற லொறி. என்ட கண்ணுக்குத் தெரியாத ஊடு எங்க இருக்கு? எங்க? காட்டு பாப்பம்!”

சுபைதா முக்காட்டை இறுக்கிக் கட்டினாள். டயரில் கால் வைத்து, யாருடைய கையையும் பிடிக்காமல், வாளியோடு ஏறினாள். பிரஷை முக்கி, ஒன்றுமில்லாத இடத்தில் ஓங்கி அடித்தாள். சுண்ணாம்பு கீழே விழவில்லை. காற்றில் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளையாக நின்றது. அவள் மறுபடி அடித்தாள். வெள்ளை அடிப்பதுபோல் அவள் அடிக்கவில்லை, அறைவதுபோல் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு துண்டுச் சுவர் வந்தது. லைலா இரண்டாவது வாளியைக் கரைத்து எட்டிக் கொடுத்தாள். நடுப்பகல் ளுஹர் பாங்குக்கு முன்னுக்கு ஒரு பக்கம் முடிந்தது. பின்னேரம் அஸருக்கு நாலு பக்கமும் முடிந்தது. கூரையிலும் வாளியை வீசி ஊற்றியதில் ஓடுகள் வரிவரியாகத் தெரிந்தன. பூசாமல் விட்ட இடத்தில் கதவு இருந்தது. அவள் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். குசினியின் யன்னல் அவள் மண்ணில் கீறிய அதே கிழக்கில் இருந்தது. அதன் வழியாகத் தலையை நீட்டினாள். முகமெல்லாம் சுண்ணாம்பு. அழவில்லை.

“இப்ப மாத்துங்க,” என்றாள். “மாத்துறண்டா என்னையும் சேத்து மாத்துங்க.”

சோமசேகரம் காலையிலிருந்து நின்ற இடத்திலேயே நின்றார். பைலைத் திறந்து ஒரு பக்கத்தை வாசித்து மூடினார். “ஐயா, எங்கட ஏற்பாடு லொறிக்கு லொறி,” என்றார். “வீட்டுக்கு லொறி குடுக்க எனக்கு அதிகாரமில்லை.” கடைசிப் பாதைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

ஸெய்னுதீன் கத்தினான். புது லொறியை ஒரு வாளிச் சுண்ணாம்பில் கரைத்துவிட்டாள் என்றான். கறுப்பு மை பூசிய டயரை உதைத்துக் கால் விரலை உடைத்துக்கொண்டான். “மச்சான், இப்பயாவது ஒனக்குத் தெரியுதா?” என்று அன்ஸார் கேட்டான். ஸெய்னுதீன் நொண்டிக்கொண்டு போய்ப் படலைக்கு உள்ளே சுபைதாவின் வீட்டுக் கதவைப் பார்த்தான்; அது அவனுடைய வீடல்ல. திரும்பி வந்து முன் ஆசனத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

நஜ்முன் நிஸா பெருநாளுக்கு மூன்று நாள் முன்னர் வந்தாள். சுவரைத் தட்டிக் கேட்டாள். குசினிப் புகை எந்தப் பக்கம் போகும் என்று விசாரித்தாள். “படி கொஞ்சம் உயரம்,” என்றாள். ஆறு படியில் ஓர் ஏணி செய்து சாத்தினார்கள். தை மாதம் நிக்காஹ் நடந்தது. ஜவாஹிர் பெட்டியைத் தோளில் வைத்து அந்த ஏணியில் ஏறினான். லொறியை நிறுத்தி வைத்துச் சாப்பிட ஏலாது, தேய்ந்த டயருக்கும் டீசலுக்கும் ஓடியே ஆகவேண்டும். ஆகவே வீடு ஓடியது. பள்ளிக்கூட நாட்களில் ஜவாஹிரைத் தோப்பூரில் இறக்கிவிட்டு, நெல்லோ கருவாடோ விறகோ மண்டபத்தில் ஏற்றிக்கொண்டு போகும்; வெள்ளிக்கிழமை அத்திவாரத்தில் வந்து நிற்கும். குச்சவெளி ரோட்டில் காலையில் குசினிப் புகை பின்னால் நீண்டு வந்தால், எத்தனை மணி என்று மீனவர்களுக்குத் தெரிந்தது. பள்ளம் வரும் இடமெல்லாம் லைலா யன்னலால் தலையை நீட்டி, தகப்பனை மெல்லப் போகச் சொல்லித் திட்டுவாள். கறி ஊற்றுண்ட நாளில் திட்டு கூடும். 1980இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

1981 பங்குனியில் குடிசன மதிப்பு எடுக்க வந்த பாக்கியரத்தினம் ஏணியில் ஏறி மண்டபத்துக் கதிரையில் அமர்ந்தார். பேத்தியைப் பார்க்க வந்திருந்த சுபைதாதான் பதில் சொன்னாள். சுவர் செங்கல். கூரை ஓடு. அறை ஒன்று. எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டார். இன்றைக்கு எங்கே நிற்கிறதோ அந்த ஊர் என்றாள். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. வீட்டின் தலைவர் யார் என்றார். லைலா என்றாள். கணவன் ஜவாஹிர், ஆசிரியர். பிள்ளை ஒன்று.

“முன்னுக்கு ஓராள் இருக்கிறார். அவர்?”

சுவருக்கு அந்தப் பக்கம் ஸெய்னுதீன் இருமுவது நின்றது.

“அவர் லொறி ஓட்டுற றைவர்,” என்றாள் சுபைதா.

“இந்த வீட்டு ஆளோ?”

லைலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாய் அவளைப் பார்த்தாள்.

“றைவர்,” என்றாள் மறுபடி.

பாக்கியரத்தினம் அப்படியே எழுதினார். முன்னால் எஞ்சின் உறுமியது, வீடு ஒருமுறை குலுங்கி நகர்ந்தது. கிணறு உண்டா என்ற அடுத்த கேள்வியை அவர் சந்தையைத் தாண்டும்போது கேட்டார்.