கேட்க ஒன்றுமில்லை

"பார்மசிஸ்ட்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல, ஒண்ணும் இல்ல."

காலையிலிருந்து இதே கேள்வி, இதே பதில். மருந்துக்கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மார்லிஸுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த பார்மசிஸ்ட் அவள்தான். வடக்கு டகோட்டாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே கிடக்கிற இந்த ஊரில் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. கை முறிந்து தொங்கினாலும், எப்படி இருக்கே என்று கேட்டால், "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்றுதான் சொல்வார்கள். வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் மானம் கப்பலேறிவிடும் என்று ஒரு நினைப்பு. மார்லிஸும் இந்த ஊரில் பிறந்தவள்தான்.

அன்று கடையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கடையை நடத்துகிற கம்பெனியின் யோசனை எளிமையானது. கடையை, பார்மசிஸ்ட்டின் உதவியாளரான டெக்னீஷியன் ஜோலீன் பார்த்துக்கொள்வாள். மருந்தை எடுப்பது, லேபிள் ஒட்டுவது, சரிபார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. பார்மசிஸ்ட் தூரத்து ஃபார்கோ நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, தேவைப்பட்டால் மட்டும் கவுன்ட்டரில் இருக்கிற திரையில் முகம் காட்டுவார். இன்றைக்கு ஒரு நாள் மார்லிஸ் ஃபார்கோவில் இருப்பதாகப் பாவனை. கதவைத் திறந்து வெளியே வரக்கூடாது. ஒத்திகை தேறினால் கடை நிலைக்கும், ஜோலீன் அதன் பொறுப்பாளர் ஆவாள். தேறாவிட்டால் கடையை மூடிவிடுவார்கள். அப்புறம் ஒரு காய்ச்சல் மருந்துக்கும் ஊர்ஜனம் அடுத்த மாவட்டத்துக்கு வண்டி ஓட்ட வேண்டியதுதான்.

தேறினால் மார்லிஸ் என்ன ஆவாள்? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜோலீன் மேல் அவளுக்குக் கோபம் உண்டா என்றால், உண்டு. நியாயமில்லாத கோபம் என்று அவளுக்கே தெரியும், அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதலான கோபம். ஜோலீன் நாற்பதைத் தாண்டியவள், மளிகைக்கடைக் கல்லாவில் இருந்து வந்தவள், வாய் ஓயாதவள். ஃப்ளூ ஊசி போட டெக்னீஷியன்களுக்கு அனுமதி வந்த வருஷம், "ஜோலீன் கை பூ மாதிரி, அவளே போடட்டும்" என்று ஊரே அவள் முன்னால் வரிசை கட்டி நின்றது. பக்கத்தில் பார்மசிஸ்ட் என்று ஒருத்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாத்திரை எண்ணுகிற வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது. ஊசியை ஜோலீன் எடுத்துக்கொண்டாள். மிச்சம் இருந்தது இந்தக் கேள்வி ஒன்றுதான். அதற்கும் ஊர் முழுக்க "ஒண்ணும் இல்ல."

மத்தியானத்துக்கு மேல் ஆர்விட் வந்தார். சூரியகாந்தி போடுகிற விவசாயி, எழுபதைத் தொட்டுவிட்டவர், அறுவடை மும்முரத்திலிருந்து நேராக வந்திருந்தார், தொப்பியெல்லாம் தூசி. வழக்கமாக வாங்குகிற, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை வாங்க வந்தவர், அலமாரியிலிருந்து ஒரு பெரிய டப்பா வலி மாத்திரையையும் தூக்கிக்கொண்டு வந்து கவுன்ட்டரில் வைத்தார்.

கவுன்ட்டர் கேமரா வழியாகப் பின்னறைத் திரையில் மார்லிஸ் அந்த டப்பாவைப் பார்த்தாள். அந்த மாத்திரையும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும். ஜோலீனுக்கும் அது தெரியும். ஆனால் அதைச் சொல்லி அறிவுரை கொடுக்க டெக்னீஷியனுக்குச் சட்டம் இடம் கொடுக்காது. கேள்வியைக் கேட்கலாம், அவ்வளவுதான்.

"பார்மசிஸ்ட்கிட்ட ஏதாவது கேக்கணுமா, ஆர்விட்?"

"ஒண்ணும் இல்லம்மா. பில்லைப் போடு."

ஜோலீன் பில்லைப் போடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "உங்களுக்குக் கேள்வி இல்லன்னா போகட்டும். பார்மசிஸ்ட்டுக்கு உங்ககிட்ட ஒரு கேள்வி இருக்கு."

அடிப்பாவி, என்று மார்லிஸ் வாய்விட்டே சொன்னாள். இத்தனை வருஷமாக இது நமக்குத் தோன்றவில்லையே!

பின்னறைத் திரையில் அழைப்பு மணி அடித்தது. மார்லிஸ் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு முகம் காட்டினாள். "ஆர்விட், இந்த வலி மாத்திரை எத்தனை நாளா சாப்பிடுறீங்க?"

ஆர்விட் திரையைப் பார்த்தார், பின்னறைக் கதவைப் பார்த்தார். "ஏம்மா, அவ அந்த ரூம்லதானே இருக்கா? டிவிக்குள்ள எதுக்குப் போனா?"

"அவங்க ஃபார்கோல இருக்காங்க," என்றாள் ஜோலீன்.

"ஃபார்கோலயா? அவ கார் வாசல்ல நிக்குது!"

அவருக்குப் பின்னால் நின்றிருந்த லவோன் சிரித்துவிட்டாள். லவோன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். அவளுக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே தெரியும்.

"சொல்லுங்க ஆர்விட்," என்றாள் மார்லிஸ். "வயித்துல ஏதாவது பண்ணுதா?" திரையின் சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

ஆர்விட் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தை ஆராய்ந்தார். "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது என்று மார்லிஸுக்குத் தெரியும். அவர் முகம் வெளுத்திருக்கிறதா, இல்லை இந்தப் பாழாய்ப்போன கேமரா எல்லாரையும் அப்படித்தான் காட்டுகிறதா என்று புரியவில்லை. இரண்டு மூச்சுகூட விட்டிருக்க மாட்டாள், கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஆர்விட்டின் முழங்கையைப் பிடித்து, வாழ்த்து அட்டைகள் தொங்குகிற மூலைக்குக் கூட்டிப்போனாள். பக்கத்தில் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. உதடுகூட வெளுத்திருந்தது.

"மலம் கறுப்பாப் போகுதா?" என்று அவர் காதுக்குள் கேட்டாள். உள்ளே ரத்தம் கசிந்தால் அப்படித்தான் போகும்.

அவர் பிறந்தநாள் அட்டை ஒன்றைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். "தார் மாதிரி. முதுகுவலிக்குத்தான் அதைப் போட்டேன் மார்லிஸ். அறுவடை நேரத்துல போய் யாருகிட்ட சொல்றது?"

"இப்ப சொல்லிட்டீங்கல்ல. அது போதும்."

லவோனின் காரிலேயே அவரை க்ளினிக்குக்கு அனுப்பினாள். லவோன் வாயே திறக்காமல் ஓட்டிக்கொண்டு போனாள் என்பது அன்றைய இன்னொரு அதிசயம்.

மார்லிஸ் திரும்பினாள். ஜோலீன் கவுன்ட்டருக்குப் பின்னால் அப்படியே நின்றிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"வந்துட்டீங்க," என்றாள். "ஃபார்கோல இருந்து ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்க."

"ஒரு மனுஷன் ரத்தம் கசிஞ்சு செத்துக்கிட்டிருக்கான், நான் பெட்டிக்கு நடுவுல உக்காந்து வேடிக்கை பாக்கணுமா?"

"என் கையைப் பாருங்க."

அப்போதுதான் மார்லிஸ் பார்த்தாள். ஜோலீனின் கையில் கவுன்ட்டரின் போன் ரிசீவர் இருந்தது. அதன் நீளமான வயர் அலமாரிக்குப் பின்னால் வரைக்கும் போகும்.

"லவோன் முன்னாடி, டிவில அந்தக் கத்து கத்தினா அவரு சொல்லவே மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? திரைச் சத்தத்தை அணைச்சுட்டு, இதை அவரு கையில குடுத்து, ஓரமாப் போய்ப் பேசுங்கன்னு சொல்லலாம்னு எடுத்தேன். அவரு காதுல நீங்கதான் பேசியிருப்பீங்க. அதுக்குள்ள கதவைத் தள்ளிக்கிட்டு வந்து நிக்கிறீங்க. இப்ப ஒத்திகை போச்சு. பார்மசிஸ்ட் இல்லாம இந்தக் கடை நடக்காதுன்னு எழுதுங்க. உங்க வேலை உங்களுக்கு இருக்கும், கொஞ்ச நாளைக்கு. அப்புறம் கடையை மூடுவாங்க, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்."

மார்லிஸ் ரிசீவரை வாங்கி அதன் இடத்தில் வைத்தாள். சொல்ல நிறைய இருந்தது. பயத்தில் ஓடி வந்தேன், அந்த மனிதரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், திரையில் உதட்டின் நிறம் தெரியாது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கதவைத் திறந்தபோது மனசுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. பார்த்தாயா, நான் இல்லாமல் முடியாது என்கிற சந்தோஷம். ஒரு மனிதர் வெளுத்துப்போய் நிற்கும்போது வரக்கூடாத சந்தோஷம். அதை நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

அதற்கப்புறம் இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். கடை சாத்துவதற்குச் சற்று முன் க்ளினிக்கிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். ஆர்விட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள், நல்ல நேரத்தில் பிடித்துவிட்டீர்கள், பிழைத்துக்கொள்வார் என்றாள். ஜோலீன் கவுன்ட்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மார்லிஸ் அவள் தோளில் கையை வைத்தாள். ஜோலீன் தட்டிவிடவில்லை.

அடுத்த அழைப்பு கம்பெனியின் வட்டார மேலாளர் கென்ட்ராவினுடையது. குரலில் எப்போதும் சர்க்கரை. "எப்படிப் போச்சு மார்லிஸ்?"

ஜோலீன் கொத்துச்சாவியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். கேட்காத மாதிரி.

"நான் வெளிய வந்துட்டேன்," என்றாள் மார்லிஸ். "ஒரே ஒரு தடவை. அது என் தப்பு. ஜோலீன் தப்பு இல்ல. யாருகிட்ட என்ன கேக்கணும்னு கண்டுபிடிச்சது அவ. என்னைக் கூப்பிட்டது அவ. அவரைப் பேச வைக்கிற வழியும் அவ கையில இருந்துச்சு, நான்தான் விடல. ஆனா அந்தத் திரையில சத்தமா யாரும் எதையும் சொல்ல மாட்டாங்க. தனியாப் பேச ஒரு ரூம் வேணும், நல்ல கேமரா வேணும். அதைக் குடுங்க. கடையை அவ நடத்துவா."

வாசலில் சாவிச் சத்தம் நின்றது.

"அருமை! அருமை!" என்றாள் கென்ட்ரா. "அப்ப ஒத்திகை தேறிடுச்சுன்னே எழுதிடறேன். ரூமுக்கு ஏற்பாடு பண்றேன். ரொம்ப நன்றி மார்லிஸ், இவ்வளவு வருஷத்துக்கும் சேர்த்து. உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"

இவ்வளவு வருஷத்துக்கும் சேர்த்து. வழியனுப்புகிறவர்கள் சொல்கிற நன்றி. அவளுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான், வீடு இங்கே, அடுத்த தெருவில்.

"இல்ல," என்றாள். "ஒண்ணும் இல்ல."

ரிசீவர் அவள் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. ஜோலீன் எப்போது கவுன்ட்டரைச் சுற்றி வந்தாள் என்றே தெரியவில்லை.

"கென்ட்ரா, வச்சுடாதீங்க, லைன்லயே இருங்க," என்றாள். "பார்மசிஸ்ட்டுக்கு உங்ககிட்ட ஒரு கேள்வி இருக்கு."

ரிசீவரை மார்லிஸின் கையில் திரும்ப வைத்தாள். வயரை இழுத்து நீட்டி, அலமாரிக்குப் பின்னால் போய்ப் பேசுங்கள் என்று கையைக் காட்டினாள்.

மார்லிஸ் போகவில்லை. அங்கேயே நின்றாள்.

"கென்ட்ரா," என்றாள். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டாள். "அந்தத் திரையில பேசப் போற பார்மசிஸ்ட் யாரு? நானா, இல்ல வேற யாராவதா?"

ஜோலீன் நகராமல் அவள் பக்கத்திலேயே நின்றாள்.